ஜன்னல் கடையும் நம்பர் போட்ட குடங்களும்

நம் காலனிப் பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் போன வாரம் செயலாளர் மாமாவின் மகள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அந்தக் காலத்தில் நம் ஏரியாவில் இருந்த சாப்பாட்டுக் கடைகள் யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று. காலையில் எழுந்து பார்த்தால் ஒரே சப்புக்கொட்டல். ரசவடை என்கிறான் ஒருவன். கூழ் என்கிறாள் ஒருத்தி. மற்ற எல்லோரும் ஜன்னல் கடை, ஜன்னல் கடை. இதயம் போட்டிருக்கிறீர்கள், கண்ணீர் விடும் பொம்மை போட்டிருக்கிறீர்கள். 'அந்த ருசி இனிமே வருமா' என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பதைத் தாண்டிவிட்டோம். உங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்கு இரண்டும் உண்டு. நான் எதையும் பாதியோடு நிறுத்துகிறவள் இல்லை.

ஆனால் ஒருத்தராவது அந்தக் கடை ஏன் மூடிப்போனது என்று கேட்டீர்களா? குழுவிலேயே எழுதியிருப்பேன். செயலாளர் மகள்தான் அட்மின், அழித்துவிடுவாள். அப்பா புத்தி. அதனால் இங்கே, பத்திரிகையில் எழுதுகிறேன். இதை அழிக்க அவள் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரவேண்டும்.

ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே, ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் நம் காலனி. மில் ஆபீஸ், பேங்கு, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று மாதச் சம்பளக்காரர்களின் வீடுகள். கோடையில் பிளந்து மழையில் உப்புகிற மண் என்பதால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு விரிசல். அந்த விரிசலை மறைக்க ஒரு காலண்டர். பகல் பூராவும் சத்தம் இருக்காது. குக்கர் விசில்தான் பெரிய சத்தம். வெளியில் சாப்பிடுவது என்பது நம் வீடுகளில் கெட்ட பழக்கம், சீட்டாட்டத்துக்கு அடுத்தபடி. 'வீடில்லாதவந்தான் ஓட்டல்ல திம்பான்' என்பார் என் அப்பா. எனவே நம் காலனியில் கடைகள் இல்லை. இருந்தன, ஆனால் போர்டு இல்லை.

மணியாச்சி ஸ்டேஷன் கேன்டீனில் அடுப்படியில் நின்று ஓய்வு பெற்ற ஒருவர், கார் வாங்கப் போகிறேன் என்று ஷெட் கட்டி, கார் வராமல், அதில் அடுப்பு வைத்திருந்தார். சாயங்காலம் அங்கே ரசவடை. புளிப்பும் மிளகும் ஏறிப் பஞ்சாகிக் கிடக்கும் வடையைக் கரண்டியால் எடுத்தால் உடையாது, வாயில் வைத்தால் நிற்காது. கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரு அம்மா கம்மங்கூழ் பானையோடு உட்கார்ந்திருப்பார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். அதைக் கடித்துவிட்டு நான் அழுதுகொண்டே இரண்டாவது சொம்பு கேட்பேன். 'ஏட்டி, அழுது முடிச்சுட்டுக் குடி, இல்லன்னா குடிச்சுட்டு அழு' என்பார் அந்த அம்மா. எனக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்யத்தான் வரும்.

பதினோரு வயதில் நான் என்ன அளவு என்பது குழுவில் கிடக்கும் பள்ளிக்கூடப் போட்டோவைப் பார்த்தால் தெரியும். பின் வரிசையில் மூன்று பேர் நிற்பதுபோல் இருக்கும். இரண்டு பேர்தான், நடுவில் இருப்பது நான்.

ஜன்னல் கடை அக்கா கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்தவள். வீட்டுக்காரர் லாரி டிரைவர். கயத்தாற்றுப் பக்கம் லாரி வரும்போது மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ எட்டிப் பார்ப்பார். அந்த ஜன்னல்தான் அக்காவுக்கு மாதச் சம்பளம். அடுப்படி ஜன்னலில் ஒரு கம்பியை அறுத்து எடுத்திருந்தாள். அந்த இடைவெளியில் தட்டைப் படுக்கைவாட்டில் வைத்தால் வெளியே வராது, கொஞ்சம் சாய்த்தால் வரும். சாய்த்தால் சட்னி சிந்தும். சிந்தாமல் வாங்குவது ஒரு கலை. நான் அதில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருப்பேன்.

தினமும் பணியாரம், சீயம். சனிக்கிழமை மட்டும் உளுந்தஞ்சோறு. கறுப்புத் தோல் உளுந்தும் அரிசியும் பூண்டும் தேங்காயும் ஒன்றாக வெந்து குழைந்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றி, ஓரத்தில் எள்ளுத் துவையல். இன்றைக்கு எழுதும்போதே எனக்குச் சர்க்கரை ஏறுகிறது. இனிப்பே இல்லாத பண்டத்துக்கு.

ஜன்னலுக்கு வெளியே யார் நின்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நாம் மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்குகிற அக்காமார்கள் நின்றார்கள், விரல் நுனியில் மெழுகும் மருந்தும் ஒட்டியிருக்க. கரிசல் காட்டில் மேய்த்துவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போகிற ஆட்டுக்கார அண்ணாச்சி நின்றார். சாப்பிட்டு முடித்த எல்லோருக்கும் அக்கா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். நல்ல தண்ணீர். இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு அதன் பெருமை தெரியாது. அந்த நாளில் நம் ஊரில் சோறு கேட்டால் யோசிக்காமல் போடுவார்கள். தண்ணீர் கேட்டால் 'எந்தத் தண்ணி?' என்று திருப்பிக் கேட்பார்கள்.

போர் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, பால் திரிந்துவிடும், சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் தெருமுனைக் குழாயில்தான். வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் நம் அதிர்ஷ்டம், பத்து நாள் ஆனால் பழக்கம். அதுவும் காலை பத்துக்கோ பகல் பன்னிரண்டுக்கோ, அதன் இஷ்டத்துக்கு. அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாம் ஆபீஸில்.

ஆனால் குழாய்க்குச் சட்டம் போட்டது ஆண்கள். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் என் அப்பா. செயலாளர், பக்கத்து வீட்டு மாமா. ஒருநாளும் வரிசையில் நிற்காத இரண்டு பேர். 'வீட்டுக்கு ஒரு ஆள் நிக்கணும். ஆள் நின்னாத்தான் குடம். ஒரு வீட்டுக் குடத்தை இன்னொரு வீட்டு ஆள் பிடிக்கப்படாது. மீறினா அந்த ரெண்டு வீட்டுக்கும் தண்ணி நிறுத்தப்படும்.' அப்பா இதைச் சொல்லும்போது பின்னால் கொடி பறப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

என் அம்மாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. பன்னிரண்டு மணிக்கு அவள் முத்திரை குத்துவாளா, குடம் வைப்பாளா? அம்மாவைப்போல் வேலைக்குப் போகிற பெண்கள் தெருவில் நிறையப் பேர். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அப்போது வரிசையில் நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஜன்னல் கடை அக்காவின் பின்கட்டில் காலையிலேயே குடத்தை வைத்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் வந்ததும் அக்கா தன் குடத்தோடு அவற்றையும் பிடித்து, பின்கட்டில் அடுக்கி, மேலே தட்டுப் போட்டு வைப்பாள். சாயங்காலம் ஆண்கள் வருவதற்குள் பின்வாசல் வழியாக ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேரும். குடத்தில் எனாமல் பெயிண்டில் வீட்டு நம்பர் இருக்கும் இல்லையா, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைப்பாள். யாராவது பார்த்து, யாருக்காவது தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்று.

வேலைக்குப் போகாத செயலாளர் மாமியின் குடமும் அங்கேதான் இருந்தது. அந்த நேரத்தில் டிவியில் அவருக்குத் தொடர் உண்டு.

அக்கா இதற்கு ஒரு கைம்மாறும் வாங்கியதில்லை. தன் கடைக்கு அவள் குழாயை நம்பவும் இல்லை. காட்டுக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் வருகிற தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் உளுந்து வேகவைத்தாள். வண்டி அவள் வாசலில் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் ஆளைத் தின்றது. ஒரு சனிக்கிழமை நண்பகலில் தண்ணீர் வந்தது. செயலாளர் மாமா வயிற்றுக் கோளாறு என்று லீவில் இருந்தவர், வற்றல் காய்கிறதா என்று பார்க்க மொட்டை மாடி ஏறியிருக்கிறார். கீழே அக்காவின் பின்கட்டில் வரிசையாகக் குடங்கள். அவ்வளவும் தளும்பத் தளும்ப.

அப்பா வேலை முடிந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, மாமா வந்துவிட்டார். அம்மாவும் அப்போதுதான் வந்திருந்தாள்.

"தலைவரே, நம்ம பிள்ளைக தொண்ட நனைக்கத் தண்ணியில்ல. அங்கன ஒரு பொம்பள யாவாரத்துக்குக் குடம் குடமாப் பிடிச்சு அடுக்கி வச்சிருக்கா. நான் என் கண்ணால பாத்தேன்."

"எத்தன இருக்கும்?"

"எண்ண முடியல. அதான் சொல்லுதேன்ல. போதாததுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கூட்டம், ஆட்டுக்காரன்னு கண்டவனும் நம்ம தெருவுல நின்னு தின்னுட்டு, நம்ம தண்ணியக் குடிச்சிட்டுப் போறான். இது காலனியா, சந்தையா?"

கவனியுங்கள். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு கூட்டம் வந்தது. ஆனால் மாமாவின் வயிற்றில் கூட்டம்தான் பல நாளாக இருந்தது. தண்ணீர் அதற்குச் சாக்கு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆனது. அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். இவர்கள் ஜன்னலை மூடப் போகிறார்கள்.

நான் சொன்னேன். "அது நம்ம குடம்லாப்பா. நம்ம குடமும் மாமா வீட்டுக் குடமும் அங்கனதான் இருக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்ன சொல்லுதா இவ?"

அம்மா ஹேண்ட்பேக்கை ஆணியில் மாட்டினாள். நிதானமாக மாட்டினாள். "அது திங்கதுக்காகச் சொல்லும். கடைய மூடிட்டா யாரு பணியாரம் குடுப்பா?"

மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "ரெண்டு சீயத்துக்கு வக்கீல் வேலை பாக்குதா, பாத்தீங்களா?" என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே முக்கியமான உண்மை, என் வயிற்றின் காரணமாகத் தள்ளுபடியானது. ஒல்லியான பிள்ளை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. அம்மாமேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. திதி கொடுக்கிறேன், கோபத்தையும் வைத்திருக்கிறேன்.

விளக்கு வைப்பதற்குள் பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். சாப்பாட்டு வியாபாரத்தை நிறுத்தவேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டுக்குக் குழாயில் முறை கிடையாது. அப்பாவும் மாமாவும் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று சொன்னார்கள். பெண்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். உளுந்தஞ்சோற்று வாசம் தெரு முழுக்க இருந்தது. அன்று சனிக்கிழமை.

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள். "மாடியில இருந்து பாத்த அண்ணாச்சி, எறங்கி வந்து பாக்கலாம்லா. பின்கட்டு தொறந்துதான கெடக்கு."

"ஒன் வீட்டுக்குள்ள நாங்க என்னத்துக்கு வரணும்?" என்றார் மாமா.

"குடம் யாருதுன்னு பாக்கத்தான்."

"யாரு குடமா இருந்தா என்ன, தண்ணி பொதுத் தண்ணி."

அக்கா ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலாக. என் அம்மா உள்ளே போய்விட்டாள். செயலாளர் மாமி கோலப்பொடி டப்பாவுக்குள் எதையோ தேடினார், அந்தி நேரத்தில். ஒருத்தி, ஒரே ஒருத்தி, 'அது என் குடம்' என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் நின்றுவிடும் என்று பயம். பயந்தது நியாயம் என்று குழுவில் யாராவது எழுதினால் நான் வெளியேறிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

"சரி அண்ணாச்சி," என்றாள் அக்கா. ஜன்னல் கதவைச் சாத்தினாள். அதற்குக் கதவு இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு வெகுநேரம் காவல் காப்பதுபோல் உட்கார்ந்திருந்ததால் ஒரு குடமும் வீடு திரும்பவில்லை. மறுநாள் ஞாயிறு. அப்பா பேப்பர் எடுக்க வெளியே போனவர் பேப்பரை எடுக்கவில்லை. நான் அவர் முழங்கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். அக்கா வீட்டு வாசல் தொடங்கி, தெருவின் ஓரத்தில், குடங்கள். எல்லாம் நிறைந்து, எல்லாவற்றிலும் நம்பர் தெருவைப் பார்க்க. எட்டு. பதினொன்று. மாமா வீட்டுப் பதிமூன்று. பதினான்கு நாங்கள். கேட்டுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயிண்டில் அப்பாவே பிரஷ் பிடித்து எழுதியது. நாலின் கால் ஒழுகியிருக்கும்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "யாரும் வெளிய போகாண்டாம்" என்றார். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் நம் தெருவில் எல்லா ஆண்களுக்கும் விஷயம் தெரியும். இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வருவது. அவர்கள் ஏமாந்தது ஒரு ராத்திரிதான். ஏமாந்ததுக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்த பிறகும் ஒருத்தரும் எழுந்து போய், 'அம்மா, தப்பாப் போச்சு, கடையத் தொற' என்று சொல்லவில்லை. குடத்தை எடுத்தால் சட்டத்தை மீறினது தலைவரும் செயலாளரும் என்று ஆகிவிடும். அதனால் எடுக்கவில்லை.

பகல் முழுக்க அந்தத் தண்ணீர் வெயிலில் நின்றது. வீட்டுக்குள் நாங்கள் உப்புத் தண்ணீரில் டீ போட்டோம். திரிந்தது. அப்பா அதை வடிகட்டிக் குடித்தார். நான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன், மொத்தத் தெருவும் ஜன்னல் இடுக்கு வழியாகக் குடங்களைப் பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கியது. மதியம் இட்லியை உப்புத் தண்ணீரோடு விழுங்கினதில் எனக்கு விக்கல் எடுத்தது. விக்கலுக்கு மறுபடியும் உப்புத் தண்ணீர். அன்று ஒரு நாள்தான் நான் அளவாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஆட்டுக்கார அண்ணாச்சி சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆடுகளோடு வந்தார். சாத்திய ஜன்னலைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார். அக்கா வெளியே வந்தாள். உளுந்தஞ்சோறு கிண்டுகிற பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து தெருவில் நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணாச்சி, ஆடு தண்ணி குடிச்சிச்சா?"

"எங்க குடிக்க? ஊருணி காஞ்சு கெடக்கு."

"செத்த நில்லுங்க."

முதல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எட்டாம் நம்பர் வீட்டு கேட்டில் போய் நின்று, "சார், இது ஒங்க வீட்டுதா?" என்று கேட்டாள். சண்டைக் குரல் இல்லை. ஜன்னலில் 'இன்னொரு கரண்டி போடட்டா' என்று கேட்பாளே, அதே குரல். உள்ளேயிருந்து, "இல்ல, இல்ல" என்று பதில் வந்தது. அண்டாவில் ஊற்றினாள். ஆடுகள் முண்டியடித்தன. அடுத்த குடம், அடுத்த வீடு. "எங்க குடம் எல்லாம் உள்ள இருக்கு" என்றார் ஒருவர். செயலாளர் மாமா, "கடைக்காரிகிட்ட நான் பேசுறதில்ல" என்றார். அதையும் அக்கா இல்லை என்றே எடுத்துக்கொண்டாள்.

"இம்புட்டுத் தண்ணிக்கும் ஆளு இல்லையா," என்றார் ஆட்டுக்கார அண்ணாச்சி. "நல்ல ஊருதான் போங்க."

எங்கள் கேட்டுக்கு வந்தாள். அப்பா வாசலில் நின்றார். பின்னால் அம்மா, அவள் பக்கத்தில் நான், என் வாயைப் பொத்தியிருந்தது அம்மாவின் கை.

"தலைவரே, இந்தப் பதினாலு ஒங்களுதா?"

அப்பா தன் கையெழுத்தைப் பார்த்தார். "எங்களுது இல்லம்மா."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே என் அம்மாவைப் பார்த்தாள். ஒரு பத்து நொடி கொடுத்தாள். என் வாய்மேல் இருந்த கை இறுகியது. "சரி," என்று சொல்லிவிட்டுப் போய் ஊற்றினாள். நம் தெருவின் ஒரு வாரத்துத் தாகத்தை ஆடுகள் சளப் சளப்பென்று குடிக்கிற சத்தம், குக்கர் விசில்கூட இல்லாத அந்த அமைதியில், கடைசி வீடு வரைக்கும் கேட்டது. காலிக் குடங்களை, "இதுக்கு ஆளு இல்லயாம், கொண்டு போங்க" என்று அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டாள். அவர் கயிறு போட்டுச் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு உருட்டிக்கொண்டு போனார். எட்டும் பதினொன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போயின.

அந்த மாதக் கடைசியில் லாரி வந்தது. அண்டா, அடுப்பு, அறுத்த கம்பி எல்லாம் ஏறியது. எங்கே போகிறாள் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்குக் குழுவில் அட்ரஸ் போட்டிருப்பீர்கள், 'மிஸ் பண்ணாதீங்க' என்று.

அடுத்த முறைத் தண்ணீருக்கு முன்னால் நம் தெருவே பஜாருக்குப் போய்ப் புதுக் குடம் வாங்கியது. அப்பாவும் ஒன்று வாங்கிவந்தார், பச்சைப் பிளாஸ்டிக். பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷை என்னிடம் கொடுத்து, நம்பரை எழுதச் சொன்னார். அவருக்குக் கை நடுங்கியது, மனசு உறுத்தியது என்றெல்லாம் நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. ஆபீஸுக்கு நேரமாகியிருந்தது, அவ்வளவுதான்.